வேலிக்கு அப்பால் ஒரு வெந்நீரூற்று



போன மாதம் இதே நேரத்தில் நம்முடைய நிகழ்ச்சியில் கறிவேப்பிலை வளர்ப்பதைப் பற்றி ஒரு அம்மா அழகாகப் பேசினார். இந்த மாதம் எனக்குத் தந்த பதினைந்து நிமிடத்தில் நான் தண்ணீரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். நிலத்துக்குள்ளிருந்து தானாகச் சூடாக வருகிற தண்ணீர்.

2022 ஆம் ஆண்டு மே மாதம் என் சித்தப்பா இங்கே லிவர்மோரில் காலமானார். எண்பதைத் தாண்டியவர். திருகோணமலையில் பிறந்து, 1990 இல் படகேறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு பிள்ளைகள் இருந்த இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர். கடைசி மாதங்களில் அவர் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "என்ர அந்தியேட்டியைக் கன்னியாவில செய்யுங்கோ."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அந்தியேட்டி என்பது ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. யாழ்ப்பாணத்துச் சனம் கீரிமலைக்குப் போகும். எங்கள் திருகோணமலைச் சனத்துக்குக் கன்னியா. நகரத்திலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர், அனுராதபுரம் போகிற வீதியால் போய்த் திரும்ப வேண்டும். அங்கே ஏழு சின்னச் சதுரக் கிணறுகள் இருக்கின்றன. கிணறு என்றவுடன் துலாவும் கயிறும் போட்ட ஆழக் கிணற்றை நினைக்கவேண்டாம். குனிந்து வாளியால் அள்ளலாம். அவ்வளவுதான் ஆழம். ஏழும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. நாற்பது பாகையைச் சுற்றி மேலும் கீழுமாக இருக்கும்.

1978 இல் அப்பம்மாவின் அந்தியேட்டி அங்கேதான் நடந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. சித்தப்பா தலையை மழித்துக்கொண்டு ஒவ்வொரு கிணற்றடியாகப் போய் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினார். ஏழாவதுக்கு வந்தபோது தண்ணீர் எது கண்ணீர் எது என்று தெரியாது. அப்பம்மா உயிரோடு இருந்த காலத்தில் அதே கிணற்றடியில் எங்களை வைத்துக்கொண்டு இராவணன் கதை சொல்லுவா. தாய்க்காகக் கோணேசர் மலையைப் பெயர்க்கப் போனவனிடம் விஷ்ணு ஒரு கிழப் பிராமணராக வந்து, "உன் தாய் இறந்துவிட்டாள்" என்று சொன்னாராம். இராவணன் தாய்க்குக் கிரியை செய்யவென்று வாளால் ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினானாம். குத்தின இடமெல்லாம் வெந்நீர். கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை நம்புவது கஷ்டமில்லை.

பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்ட விளக்கம் வேறு. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு வெடிப்பால் மேலே வருகிறது. கன்னியா, மகா ஓயா, மகாபெலஸ்ஸ என்று இப்படிப் பல ஊற்றுகள் அந்தத் தீவில் உண்டு. இரண்டு விளக்கமும் என் மனதில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

சரி, சித்தப்பாவின் கதைக்கு வருகிறேன். முப்பத்தோராம் நாளுக்குத் திருகோணமலை போக வழியில்லை. தம்பிக்கு, அதாவது சித்தப்பாவின் மகனுக்கு, வேலையில் விடுமுறை இல்லை. சித்தி தனியே. அப்போது அவன் கைத்தொலைபேசியில் தேடி ஒரு இடம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். "அக்கா, இஞ்ச வாஸ்கோ ரோட்டால அரை மணித்தியாலம் போனா பைரன் எண்ட இடத்தில வெந்நீரூற்று இருக்காம். அங்க செய்வமோ?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முதலில் இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் போனோம். ஜூன் மாதம். மலையெல்லாம் காய்ந்த புல்லின் நிறம். வாஸ்கோ ரோட்டில் வடக்கே போனால் காற்றாலைகள் சுற்றுகிற மேடுகள் வரும், அதைத் தாண்டிச் சமநிலம் வரும். அங்கே ஒரு பெரிய செங்கல் கட்டடம் யன்னல் இல்லாமல், கூரை இல்லாமல் நிற்கிறது. சுற்றிக் கம்பிவேலி. உள்ளே வரக்கூடாது என்ற அறிவித்தல் பலகை.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் பணக்காரர் வந்து தங்கின ஹோட்டல். பைரன் ஹொட் ஸ்பிரிங்ஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோவில் தெரியாதவர் இல்லை. உப்புத் தண்ணீர், கந்தகத் தண்ணீர் என்று விதம்விதமான ஊற்றுகள். வாதத்துக்கு நல்லது என்று ரயிலில் வந்து இறங்குவார்களாம். 1901 இல் ஹோட்டல் எரிந்தது. திருப்பிக் கட்டினார்கள். 1912 இல் அதுவும் எரிந்தது. மூன்றாவதாகக் கட்டினதுதான் இப்போது எலும்புக்கூடாக நிற்கிற செங்கல் கட்டடம். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவம் அதை எடுத்து, பிடிபட்ட ஜேர்மன், ஜப்பானியக் கைதிகளை இரகசியமாக விசாரிக்கிற முகாமாக்கியது. கேம்ப் டிரேசி என்று பெயர். விசாரணை முகாம் என்ற சொல் நம்முடைய காதில் எப்படி விழும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

தம்பி வேலியோடு கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வந்தான். "அக்கா, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. பத்து நிமிசம்தான். ஆருமில்லாத இடம்தானே?"

நேயர்களே, அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இன்றைக்கு உங்கள் முன் வந்தேன். ஆருமில்லாத இடம். அவன் நல்ல பிள்ளை. தகப்பனுடைய ஆசையை நிறைவேற்ற நினைத்துச் சொன்னது. ஆனால் அதைக் கேட்டவுடன் எனக்குக் கன்னியா ஞாபகம் வந்தது.

கன்னியாக் கிணறுகளை முன்பு உள்ளூர்ப் பிரதேச சபை பார்த்து வந்தது. பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. போர்க்காலத்தில் சனம் இடம்பெயர்ந்தது, கோயில் சிதைந்தது. போர் முடிந்த பிறகு தொல்பொருள் திணைக்களம் வந்து, இது அனுராதபுரக் காலத்துப் பௌத்த இடம் என்றது. அங்கே பழைய பௌத்தச் சின்னங்கள் இருக்கின்றன என்பது அவர்களுடைய வாதம். இருக்கலாம். திருகோணமலை மண்ணை எங்கே தோண்டினாலும் பல காலத்துக் கற்கள் வரும். ஆனால் பழைய கல் ஒன்று கிடைத்தால், நேற்றுவரை அங்கே வந்து தாய் தகப்பனுக்குக் கிரியை செய்த சனத்துக்கு அங்கே இடமில்லை என்று எப்படி ஆகும்? 2019 இல் பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை எழப்போகிறது என்ற செய்தி வந்தபோது, ஜூலை 16 ஆம் திகதி தென்கயிலை ஆதீனம் அடிகளார் முன்னே நிற்க, சனம் அங்கே வழிபாடு செய்யப் போனது. பொலிஸ் மறித்தது. அடிகளார் மீது சுடுதேநீர் வீசப்பட்டது. அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் அந்தக் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை போட்டது.

அந்த நாட்களில் இங்கே லிவர்மோரில் நம்முடைய வீடுகளில் எவ்வளவு கொதிப்பு! மனு எழுதினோம், கையெழுத்து வாங்கினோம், தெரிந்தவருக்கெல்லாம் தொலைபேசி எடுத்தோம். அப்போது நாம் எல்லோரும் சொன்ன வசனம் ஒன்றுதான். "அது ஆருமில்லாத இடமில்லை. நாங்கள் அங்கே இல்லாமல் போனது, எங்களைத் துரத்தினபடியால்."

பைரன் வேலியடியில் நின்றபோது அதே வசனத்தைச் சொல்ல உரிமையுள்ள வேறு சனம் உண்டல்லவா என்று நினைத்தேன். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இந்த ஊரில் நான் கால்வைத்து இருபது வருடத்துக்கு மேல். வெட்கமாக இருந்தது. தம்பியிடம், "வா, வீட்ட போவம்" என்றேன். அவன் முகம் வாடிப்போனது.

வீட்டுக்கு வந்தபிறகு நூலகத்துக்கு நடக்கத் தொடங்கினேன். நான் தெரிந்துகொண்டதில் கொஞ்சத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் வாஸ்கோ ரோட்டில் போனபோது வலது கைப்பக்கம் ஒரு பாறைத் தலையுள்ள குன்று தெரியும். பிரஷி பீக் என்று பெயர். நம்மில் பலர் அதன் அடிவாரத்தில் நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறோம். மேற்கே வளைகுடாப் பக்கத்து ஓலோனி மக்கள், வடக்கே டியாப்லோ மலைப்பக்கத்து பே மீவோக் மக்கள், கிழக்கே பள்ளத்தாக்கின் யோக்குட்ஸ் மக்கள், இந்த மூன்று கூட்டமும் வந்து சந்திக்கிற வழிகள் அந்தக் குன்றடியில் கூடின. வியாபாரம், உறவு, சடங்கு எல்லாம் அங்கே. இன்றைக்கும் உச்சிப் பாறைகளுக்கு நினைத்தபடி ஏறிப்போக முடியாது. வழிகாட்டியோடு மட்டும்தான் விடுவார்கள். அதற்கு அப்பால் இருக்கிற வாஸ்கோ குகைகளும் அப்படியே. அங்கே பாறையில் அந்த மக்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. பைரன் ஊற்று இந்த வழியின் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. ஹோட்டல்காரர் வந்து "கண்டுபிடிக்கும்" முன்பே நோய்க்கும் நோவுக்கும் அந்தச் சேற்றையும் தண்ணீரையும் தேடி வந்தவர்கள் இவர்கள்தான்.

பிறகு என்ன நடந்தது? 1797 இல் ஸ்பானியப் பாதிரிமார் இன்றைய பிரீமொன்ட்டில் மிஷன் சான் ஹோசேயைக் கட்டினார்கள். லிவர்மோர் பள்ளத்தாக்கின் சனம் அங்கே கொண்டு போகப்பட்டது. அம்மை, சின்னமுத்து என்று நோய்கள் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போயின. மிஷனுக்குக் கொஞ்சத் தூரத்தில் ஓலோனி மயானம் இருக்கிறது. நாலாயிரம் பேர் அங்கே புதைக்கப்பட்டதாக நினைவுக்கல் சொல்கிறது. அந்த வீதியால் எத்தனை தரம் பிள்ளைகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு போயிருப்பேன்! 1839 இல் ரொபர்ட் லிவர்மோர் என்ற இங்கிலாந்து மாலுமியும் அவருடைய கூட்டாளியும் ராஞ்சோ லாஸ் பொசிடாஸ் என்ற நிலத்தைப் பெற்றார்கள். நம்முடைய பிள்ளைகள் படிக்கிற லாஸ் பொசிடாஸ் கல்லூரியின் பெயர் அதிலிருந்து வந்தது. பொசிடாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் சின்னக் கிணறுகள், சின்ன நீர்க்குழிகள். கன்னியாக்காரிக்கு இந்த அர்த்தம் தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர்கள் இப்படிக் கண்ணுக்கு முன்னால்தான் கிடக்கின்றன. பிரீமொன்ட்டில் பார்ட் ரயிலின் வார்ம் ஸ்பிரிங்ஸ் நிலையம் 2017 இல் திறந்தது. நம்மில் எத்தனை பேர் அதில் ஏறி இறங்குகிறோம். அங்கேயும் வெந்நீரூற்று இருந்தது. ஸ்பானியர் அதை அகுவா கலியெந்தே என்றார்கள், சுடுதண்ணீர் என்று பொருள். இன்று அந்தப் பெயருக்குப் பக்கத்தில் டெஸ்லா தொழிற்சாலை நிற்கிறது. 1986 இல் எழுந்த நம்முடைய சிவா விஷ்ணு கோயில் இருக்கிற தெருவின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோஹெட் அவெனியூ. அம்புமுனைத் தெரு. இருபது வருடமாக அந்த விலாசத்தை அழைப்பிதழ்களில் எழுதுகிறேன், ஒருநாளும் யோசித்ததில்லை.

இனித்தான் என்னை நித்திரை கொள்ளவிடாத பகுதி வருகிறது. இந்தச் சனம் முற்றாக அழிந்துபோகவில்லை. மிஷன் உடைந்த பிறகு மிஞ்சினவர்கள் பிளசன்டனுக்குப் பக்கத்தில் அலிசால் என்ற இடத்தில் ஒரு குடியிருப்பாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். அரசாங்கக் கடதாசிகளில் அவர்களுக்கு வெரோனா குழு என்று பெயர். 1925 இல் கலிபோர்னியாவின் மிகப் பெரிய மானிடவியல் அறிஞர் அல்பிரட் குரோபர் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதில் இந்த மக்கள் நடைமுறையில் அழிந்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டார். 1927 இல் இந்தியர் விவகார அலுவலகத்தின் ஒரு அதிகாரி, இவர்களுக்கு நிலம் வாங்கித் தரத் தேவையில்லை என்று பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார். இரண்டு பேரும் எழுதினபோது அலிசாலைச் சேர்ந்தவர்கள் உயிரோடு, அடுப்பெரித்துக்கொண்டு இருந்தார்கள். அதே 1920களில் ஹாரிங்டன் என்ற மொழியியலாளர் வந்து, அவர்களில் மரியா டி லொஸ் ஏஞ்சலஸ் கோலோஸ் என்ற முதியவளிடமும் ஹோசே குஸ்மான் என்பவரிடமும் சொச்சென்யோ மொழியைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டிருந்தார். அழிந்ததாக எழுதப்பட்டவர்களே உட்கார்ந்து தங்கள் மொழியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்! இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் அந்தக் குறிப்புகளிலிருந்து மொழியைத் திரும்பக் கற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிற நமக்கு அந்தப் பாடு விளங்கும்.

முவெக்மா ஓலோனி என்ற அமைப்பு, வெட்டுப்பட்ட அந்த அங்கீகாரத்தைத் திரும்பக் கேட்டு வாஷிங்டனோடு பல ஆண்டுகளாக வழக்காடுகிறது. 2002 இல் மறுத்துவிட்டார்கள். 2024 இல் அவர்கள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வாஷிங்டன் வரை குதிரைப் பயணம் போனார்கள். லிஷான் மக்களின் கூட்டமைப்பு வேறு. அவர்களோடு சேர்ந்த சொகோரியா தே என்ற பெண்கள் நடத்துகிற நில அறக்கட்டளை, இந்த வளைகுடாப் பகுதியில் குடியிருப்பவர்கள் விரும்பிக் கட்டுகிற ஒரு நிலவரியை வாங்குகிறது. சூமி என்று அதற்குப் பெயர், கொடை என்று பொருள். சட்டப்படி யாரும் கட்டவேண்டியதில்லை. 2024 இல் பெர்க்லியில் அவர்களுடைய பழைய சிப்பிமேட்டு நிலம் ஒரு கார் பார்க்காகக் கிடந்ததிலிருந்து மீண்டு அவர்கள் கைக்குப் போக நகரசபை வாக்களித்தது. இந்த அமைப்புகளுக்குள் ஒற்றுமை இல்லையே என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம்முடைய சங்கங்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நாம் அதைச் சொல்ல முடியுமா?

அங்கீகாரம் என்பது வெறும் கடதாசி இல்லை என்பதற்கு ஒரு வெந்நீரூற்றையே உதாரணமாகச் சொல்கிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் நகரம். உல்லாசப் பயணத்துக்கு நம்மில் சிலர் போயிருப்பீர்கள். அந்த நகரத்துக்குப் பெயர் கொடுத்த ஊற்று கவியா என்ற மக்களுடையது. அகுவா கலியெந்தே குழுவினர் என்று அவர்களுக்குப் பெயர். 1876 இல் அவர்களுக்கு ஒதுக்கின நிலத்தில் அந்த ஊற்று இருந்தது, அதனால் அது அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. நகரம் மேலே வளர்ந்தாலும் அடியில் நிலத்தின் ஒரு பகுதி அவர்களுடையது. 2013 இல் நிலத்தடி நீரும் எங்களுக்குரியது என்று தண்ணீர்ச் சபைகளுக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒதுக்கின நிலத்தோடு நிலத்தடி நீரில் உரிமையும் சேர்ந்தே வரும் என்று தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. 2018 இல் ஊற்றடியில் புதுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது பல ஆயிரம் ஆண்டுப் பழைய கருவிகள் வந்தன. வேலையை நிறுத்தி, அவற்றைப் பக்குவமாக எடுத்தார்கள். யார் முடிவெடுத்தது? அவர்களே. 2023 இல் அங்கே குளியல் இடமும், தங்கள் கதையைத் தாங்களே சொல்கிற அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

கன்னியாவில் பழைய பொருள் கிடைத்தால் அதை வைத்து எங்களை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள். பாம் ஸ்பிரிங்சில் கிடைத்ததை அந்த மக்களே எடுத்துத் தங்கள் அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். பைரனில் அப்படி ஏதாவது கிடைத்தால் கேட்பதற்கு, 1927 இல் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டவர்களுக்குக் கூட்டரசுச் சட்டத்தில் அந்த இடம் இல்லை. மூன்று ஊற்றும் ஒரே மாதிரித் தண்ணீர்தான்.

இதையெல்லாம் ஒருநாள் வீட்டில் கதைத்துக்கொண்டிருந்தபோது சித்தி ஒரு கேள்வி கேட்டா. அவ வாகரைப் பக்கம் பிறந்தவ. "அப்ப கன்னியா எங்கட மட்டும்தானோ? வேடரையும் சேர்த்துச் சொல்லு." நான் வாயடைத்துப்போனேன். வாகரை, வெருகல் பக்கத்தில் கரையோர வேடர் இன்றைக்கும் தமிழ் பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். சித்தியின் ஊரில் அவர்களை எந்த வரிசையில் இருத்தினோம் என்று அவவுக்குத் தெரியும். மகா ஓயா வெந்நீரூற்றுப் பகுதியில் பொல்லேபெத்தை வேடர் இருக்கிறார்கள். 1983 இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது வேடர் தங்கள் வேட்டைக் காட்டை இழந்தார்கள். அதைப்பற்றி நாங்கள் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. சித்தி அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டா.

சித்தப்பாவின் காரியம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். கலிபோர்னியச் சட்டப்படி ஒருவருடைய நிலத்தில் சாம்பலைத் தூவுவதானால் நிலச் சொந்தக்காரரின் எழுத்து அனுமதி வேண்டும். கடலில் என்றால் கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் அளவாவது உள்ளே போகவேண்டும். ஐயரிடம் கேட்டோம். "கடலில் கரைத்தால் போதும் அம்மா, திருகோணமலைக் கடலும் இதுவும் வேறில்லை" என்றார். முப்பத்தோராம் நாள் வீட்டில் கிரியை முடித்து, படகெடுத்துப் போய்ச் சாம்பலில் பாதியைக் கரைத்தோம். மீதியைத் தம்பி 2023 இல் ஊருக்குக் கொண்டுபோனான். கோணேசர் கடலில் கரைத்துவிட்டுக் கன்னியாவுக்குப் போய், சிங்களச் சனமும் முஸ்லிம் சனமும் தமிழ்ச் சனமும் வாளியோடு வரிசையில் நிற்க, தானும் நின்று, ஏழு கிணற்றிலும் அள்ளித் தலையில் ஊற்றினானாம். அன்று இரவு தொலைபேசியில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, தண்ணி இன்னும் சுடுது."

ஊற்றுகளைப் பேணுவது பற்றி ஒரு சில விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்முடைய இளம் பிள்ளைகள் இப்போது மலைப்பக்கமெல்லாம் வெந்நீரூற்றுத் தேடிப் போகிறார்கள். போகிற இடம் யாருடைய பூர்வீக நிலம், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். மூடியிருந்தால் மூடியிருக்கட்டும். சவர்க்காரம், எண்ணெய், ஷம்பூ எதுவும் ஊற்றில் வேண்டாம். அந்த நீரில் மட்டும் வாழ்கிற நுண்ணிய உயிர்கள் இருக்கின்றன. பூமாலை, குங்குமம், சில்லறைக் காசு போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், பக்தி என்று நாம் நினைப்பது அங்கே குப்பை. ஒதுக்குப்புறமான ஊற்றின் படத்தையும் வழியையும் ஊருக்கெல்லாம் அனுப்பவேண்டாம், அடுத்த மாதமே இருநூறு பேர் மிதிப்பார்கள். இன்னொன்று, காட்டு ஊற்றுகளில் தலையை முக்கிக் குளிக்காதீர்கள். மூக்கால் போய் மூளையைத் தாக்குகிற ஒரு கிருமி வெதுவெதுப்பான நீரில் இருக்கலாம். அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். முழுக்குப் போட்டால்தான் புண்ணியம் என்று சொல்கிற பெரியவர்களுக்கு இதை மெதுவாக விளங்கப்படுத்துங்கள்.

நம்முடைய குடும்பத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். சித்தப்பாவின் ஆண்டுத் திவசத்தில் ஐயருக்குக் கொடுக்கிற தட்சிணையோடு, சூமி நிலவரிக்கும் ஒரு தொகை ஒதுக்குகிறோம். ஐயருக்கு இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊர்த் தேவதைக்குப் பங்கு வைக்கிறது நம்மிலும் உண்டுதானே" என்றார். அவர் சொன்னது சரியான ஒப்பீடா என்று எனக்கு நிச்சயமில்லை. தேவதைக்கு நிலவழக்கு இல்லை. இவர்களுக்கு உண்டு.

கடைசியாக ஒரு அறிவித்தல். பிரஷி பீக் உச்சிக்கு வழிகாட்டியோடு கூட்டிப்போகிற நாள் அறிவிக்கப்பட்டதும் நாங்கள் சில குடும்பங்கள் பெயர் கொடுக்க இருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் வானொலி நிலையத்துக்கு அறியத்தாருங்கள். இடங்கள் குறைவு, முந்துகிறவர்களுக்குத்தான். ஏற்றம் கொஞ்சம் கடினம், முழங்கால் நோவுள்ளவர்கள் யோசித்து வாருங்கள். தண்ணீர்ப் போத்தல், தொப்பி கொண்டுவாருங்கள். கற்பூரம், தீப்பெட்டி கொண்டுவரவேண்டாம், காய்ந்த புல், ஒரு பொறி போதும். பாறையில் எதையும் தொடக்கூடாது, எடுக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள். சித்தியும் வருவதாகச் சொல்லியிருக்கிறா.